ஆற்றைச் சீரமைக்க எவ்வளவு செலவாகும், யார் தருவது? தாமிரபரணியை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

ஆற்றைச் சீரமைப்பதும் ஆற்றங்கரையை அழகாக்குவதும் ஒரே வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டும் வேறு. சீரமைப்பு என்பது தண்ணீர், மணல், கரை, வெள்ளம் போகும் வழி ஆகியவற்றை மீட்கும் வேலை. கரை மேம்பாடு என்பது நடைபாதை, பூங்கா, படித்துறை, கடை என்று கரையோர நிலத்தை மக்கள் புழங்கும்படி செய்வது. இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். ஆனால் வரிசை மாறினால் பணம் ஆற்றோடு போய்விடும். நாற்றம் வீசும் கரையில் மாலையில் யாரும் உட்கார வர மாட்டார்கள். ஆள் வராத இடத்தில் கடை ஏலம் எடுத்தவர் அடுத்த ஆண்டு ஏலத்துக்கு வர மாட்டார். வாடகையை நம்பிப் போட்ட கணக்கு அங்கேயே உடைந்துவிடும். ஆகவே முதலில் தண்ணீர், அடுத்து வெள்ளத்துக்கு வழி, கடைசியில்தான் கரை. இந்த வரிசை ஏன் அவசியம், ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, அதை யார் தலையில் வைப்பது என்பதை நெல்லை மாநகரத்தை வைத்தே பார்க்கலாம்.

நகரத்துக்குள் வரும் ஆறு

பொதிகையில் தோன்றும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. வழியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். இவற்றிலிருந்து பிரியும் கால்கள் (வாய்க்கால்கள்) நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் சுமார் 86,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன.

இந்த வரிசையில் நகரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அரியநாயகிபுரத்தில் கோடகன் கால் பிரிகிறது, பழவூரில் பாளையங்கால், சுத்தமல்லியில் நெல்லைக்கால். இவையெல்லாம் தங்கள் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் நகரக் கரையிலுள்ள குறுக்குத்துறைக்கும் சிந்துபூந்துறைக்கும் கொக்கிரகுளத்துக்கும் வருகிறது. கீழே சீவலப்பேரியில் சிற்றாறு வந்து சேரும் வரை பெரிய துணை ஏதும் கிடையாது. ஆற்றில் தண்ணீர் குறைந்து நிற்கும் இடத்தில்தான் ஊர் தன் கழிவை இறக்குகிறது. அதற்கும் கீழே மருதூர், ஸ்ரீவைகுண்டம் பாசனம் இருக்கிறது, வழிநெடுக உறைகிணறு போட்டு எடுக்கும் குடிநீர்த் திட்டங்கள் இருக்கின்றன. நம் ஊர் விடுவதைக் கீழூர் குடிக்கிறது.

பாளையங்காலும் நெல்லைக்காலும் ஊருக்குள்ளேயே ஓடுகின்றன. மேலப்பாளையத்தையும் டவுனையும் கடக்கும்போது இந்தக் கால்களும் சாக்கடையை வாங்கிக்கொள்கின்றன. ஆற்றை மட்டும் சுத்தம் செய்துவிட்டுக் கால்களை விட்டுவிட்டால் அது பாதி வேலைகூட ஆகாது.

ஆறு எவ்வளவு தாங்கும்?

ஓடுகிற ஆறு ஓரளவு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று தீர்க்கும். இதற்கு ஓர் எல்லை உண்டு. நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். குளிக்கத் தகுந்த நீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்ல அதில் 5 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

கழிவு எவ்வளவு ஆக்சிஜனைத் தின்னும் என்பதைச் சொல்லும் அளவை பி.ஓ.டி. என்பார்கள். குளிக்கும் நீரில் இது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. வீட்டுச் சாக்கடையில் ஏறத்தாழ 250 இருக்கும்.

இப்போது கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 விழுக்காடு சாக்கடையாகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பொது அளவு. அதாவது தலைக்கு 108 லிட்டர். 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியின் மக்கள்தொகை 4,73,637. கணக்குக்கு 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 5 கோடியே 40 லட்சம் லிட்டர் கழிவுநீர். இதை அணையிலிருந்து திறக்கும் நீரைச் சொல்லும் அளவிலேயே சொன்னால் விநாடிக்கு 22 கன அடி.

22 கன அடி அற்பமாகத் தெரியும். ஆனால் ஆற்றில் ஏற்கெனவே பி.ஓ.டி. 1 இருக்கிறது, கலந்த பிறகு 3-ஐத் தாண்டக் கூடாது என்றால், ஒரு பங்கு சாக்கடைக்கு சுமார் 123 பங்கு நல்ல தண்ணீர் வேண்டும். 22 கன அடிக்கு 2,700 கன அடி. கோடையில் அவ்வளவு தண்ணீரை யாரும் ஆற்றில் விட முடியாது. அதே சாக்கடையைச் சுத்திகரித்து பி.ஓ.டி.-யை 10-க்குக் கொண்டுவந்து விட்டால், மூன்றரைப் பங்கு போதும். 77 கன அடியில் வேலை முடிந்துவிடும். சுத்திகரிப்புக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் அணைத் தண்ணீரை மிச்சப்படுத்துகிறது என்பது இந்தக் கணக்கிலிருந்து வரும் செய்தி. கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் போதாமல் விவசாயிகள் மனு கொடுக்கும் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

கலக்குமிடங்களைக் கண்டுபிடிப்பது

முதல் வேலை கரையில் நடப்பது. மழை பெய்து ஒரு வாரம் கழிந்த பிறகு, காலை 6 முதல் 8 மணிக்குள் போக வேண்டும். அப்போதுதான் வீடுகளில் தண்ணீர்ப் புழக்கம் உச்சத்தில் இருக்கும். மழையில்லாத நாளில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் இல்லை. கழிப்பறைக் குழாயை வடிகாலில் செருகிய வீடுகள் மேலே இருக்கின்றன என்று பொருள்.

ஓடுவதைக் கண்ணால் மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஒரு தகரத் தட்டில் 90 டிகிரி கோணத்தில் வி வடிவ வெட்டு போட்டு, வடிகாலின் குறுக்கே நீர் கசியாதபடி களிமண் வைத்து அடைத்து நிறுத்த வேண்டும். நீர் முழுவதும் அந்த வெட்டு வழியே விழும். தட்டிலிருந்து கொஞ்சம் மேலே தள்ளி, வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று அளக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு சுமார் 4.4 லிட்டர். நாள் முழுக்க அப்படியே ஓடினால் 3.8 லட்சம் லிட்டர். 15 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு 12 லிட்டர். ஐந்து சென்டிமீட்டர் கூடியதற்கு ஓட்டம் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது பாருங்கள். அதனால்தான் கண் மதிப்பு உதவாது. ஒரு நாளில் மணிக்கு ஒரு தடவை அளந்தால், எத்தனை பேரின் கழிவு அந்த வடிகால் வாய் வழியே வருகிறது என்று தலைக்கு 108 லிட்டர் கணக்கில் வகுத்துத் தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலான ஊர்களில் சில பெரிய வாய்களே மொத்தக் கழிவில் பெரும்பங்கைக் கொண்டுவரும். எங்கே முதலில் தோண்டுவது என்பதை இந்த அளவு சொல்லிவிடும்.

ஆற்றில் ஆக்சிஜனை அளப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுவதால் மதியம் அளந்தால் 7, 8 என்று நல்ல எண் வரும். இரவெல்லாம் அதே பாசியும் ஆக்சிஜனைத்தான் உட்கொள்ளும். பொழுது விடிவதற்குச் சற்று முன் அளக்கும் எண்தான் உண்மை நிலை. மீன் செத்து மிதப்பது விடியற்காலையில் தெரிவதற்கும் இதுவே காரணம். மதிய அளவை மட்டும் காட்டும் அறிக்கையை நம்பாதீர்கள்.

தடுத்துத் திருப்புவது, அது ஏன் அடிக்கடி தோற்கிறது

கண்டுபிடித்த வாய்களை அடைத்தால் சாக்கடை தெருவில் நிற்கும். எனவே கரைக்கு இணையாக ஒரு பெருங்குழாய் பதித்து, எல்லா வாய்களையும் அதில் சேர்த்து, உந்து நிலையம் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். நெல்லையில் அந்தப் போக்கு ராமையன்பட்டி பக்கம். வரைபடத்தில் எளிது. நடைமுறையில் இடறும் இடங்கள் நான்கைந்து உண்டு.

பெரிய இடறல் வீட்டு இணைப்பு. தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் போய்விடும். வீட்டுக்காரர் இணைப்பு வாங்க மாட்டார். முன்பணம் ஒரு காரணம், தரையைப் பெயர்க்க வேண்டியிருப்பது இன்னொன்று. ஏற்கெனவே வடிகாலில் விட்டு வசதியாகப் போய்க்கொண்டிருப்பதுதான் உண்மையான காரணம். இதனால் ஆற்றில் கழிவு குறையாது என்பதோடு முடிவதில்லை. சாக்கடைக் குழாயில் நீர் விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் கசடு அடியில் தங்காமல் அடித்துப்போகும். நூறு வீட்டுக்குப் போட்ட குழாயில் முப்பது வீடு மட்டும் இணைந்தால் வேகம் வராது, கசடு படியும், ஆள்நுழைவுக் குழி பொங்கும். பொங்குவதைப் பார்க்கும் அடுத்த வீட்டுக்காரர் இணைப்பே வேண்டாம் என்பார். இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, வீட்டு இணைப்பின் செலவையும் திட்டச் செலவிலேயே சேர்த்து, குழாய் பதிக்கும்போதே வீடு வரை கொண்டுபோய் மாட்டிவிடுவது. தனியாகக் கட்டணம் வசூலிக்க வேண்டுமென்றால் பின்னர் மாதத் தவணையாக வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது ஐப்பசி, கார்த்திகை. மாடி மழைநீரைச் சாக்கடைக் குழாயில் விடுபவர்கள் ஏராளம். தெருவில் தேங்கும் நீரை வடியவைக்க ஆள்நுழைவு மூடியைத் திறந்துவிடுபவர்களும் உண்டு. உந்து நிலையத்துக்குத் தாங்க முடியாத வெள்ளம் வந்து, உபரி வழியாக அத்தனையும் ஆற்றில் இறங்கும்.

மூன்றாவது மின்சாரம். உந்து நிலையத்தில் ஜெனரேட்டர் இருக்கும், டீசல் இருக்காது. இரண்டு மணி நேரம் மின்சாரம் போனால் அந்த இரண்டு மணி நேரக் கழிவு ஆற்றுக்குத்தான் போகும். டீசலுக்கான தொகை ஆண்டு ஒதுக்கீட்டில் தனித் தலைப்பாக இருக்கிறதா என்று கவுன்சிலரிடம் கேட்பது பயனுள்ள கேள்வி.

குழாய் போகாத பகுதிகளில் செப்டிக் டேங்க். இதை இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். எடுக்கும் லாரி எங்கே கொட்டுகிறது என்பதுதான் கேள்வி. டேங்கில் கிடந்து கெட்டிப்பட்ட கசடின் பி.ஓ.டி. சாதாரணச் சாக்கடையைப் போல் பல மடங்கு. லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று வைத்தால், 6,000 லிட்டர் லாரி ஒன்று இரவில் ஓடையில் திறந்துவிடுவது, ஆயிரத்து நூறு பேரின் ஒரு நாள் சாக்கடையை விட்டதற்குச் சமம். லாரிக்கு ஜி.பி.எஸ். மாட்டுவது நல்லதுதான். அதைவிட, சுத்திகரிப்பு நிலையத்தில் இரவிலும் லாரியை உள்ளே விடுவதும், கொட்டுவதற்குக் கட்டணத்தை மிகக் குறைவாக வைப்பதும் பலன் தரும். தொலைவும் கட்டணமும் கூடினால் ஓடைதான் லாரிக்குப் பக்கம்.

பாபநாசத்தில் பரிகாரம் முடித்து ஆற்றில் விட்டுவரும் துணிகளையும் சொல்லாமல் விட முடியாது. இப்போதைய துணிகளில் பெரும்பாலானவை பாலியஸ்டர். மக்காது, பாறையில் சுற்றிக்கொள்ளும், மணலில் புதையும், மோட்டார்களில் சிக்கும். படித்துறையின் மேற்படியில் துணி போட ஒரு தொட்டி, விசேஷ நாட்களில் அதை மணிக்கு ஒருமுறை காலி செய்ய ஆள், அவ்வளவுதான் தேவை. சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை இது. பக்தி இருப்பவர்களிடம் கோயில் ஊழியர்களும் புரோகிதர்களும் சொன்னால் கேட்பார்கள். அறிவிப்புப் பலகை சொன்னால் கேட்பது குறைவு.

மணலும் வெள்ளமும்

மணல் ஆற்றின் வடிகட்டி. உறைகிணற்றில் ஊறும் நீர் பல மீட்டர் மணலைக் கடந்து வருவதால்தான் குறைந்த சுத்திகரிப்பில் குடிக்க முடிகிறது. மணலை அள்ளினால் நீர்மட்டம் இறங்கும், களிமண் வெளிவரும், கிணறு ஊறுவது நிற்கும். பிறகு ஆற்று நீரை நேராக எடுத்து ஆலை வைத்துச் சுத்திகரிக்க வேண்டும். அதிலும் சாக்கடை கலந்திருந்தால் அம்மோனியா இருக்கும். ஒரு மில்லிகிராம் அம்மோனியாவை முறிக்க 8 முதல் 10 மில்லிகிராம் குளோரின் செலவாகும். மணல் விற்று வந்த வருமானம் ஒரு கணக்கில் வரவாகும். குடிநீர் வாரியத்தின் குளோரின் பில் வேறொரு கணக்கில் செலவாகும். இரண்டையும் ஒரே தாளில் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

வெள்ளத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. நெல்லை ஜங்ஷன் வெள்ளக்காடானது. ஆற்றில் இருந்த கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பல சேதமாயின. 1992 நவம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். இந்த ஆறு கோடையில் காட்டும் அகலத்தை அதன் அளவாக எடுத்துக்கொண்டு கரையில் சுவர் எழுப்பினால் என்ன ஆகும்?

ஒரு தோராயக் கணக்கு. 100 மீட்டர் அகலத்தில் 3 மீட்டர் ஆழமாகப் போகும் வெள்ளத்தை, இருபுறமும் சுவர் வைத்து 50 மீட்டருக்குள் அடக்கினால், அதே சரிவில் ஆழம் சுமார் 4.5 மீட்டராக உயரும். வேகமும் கூடும். சுவரின் அடியை அரிக்கும். சுவர் முடியும் இடத்தில் கீழூர்க் கரையை உடைக்கும். சுவருக்குள் ஊர் தப்பினாலும், மேல்பக்கத்தில் நீர் எதிர்த்து ஏறி ஓடைகள் வழியாகத் தெருவுக்குள் வரும். கரைச் சுவரின் விலையில் இந்தச் சேதங்கள் எதுவும் சேர்க்கப்படுவதில்லை.

நம் முன்னோர் இதைத் தெரிந்துதான் கட்டினார்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வரும்போது உற்சவரைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். கோயில் மூழ்கும், வெள்ளம் வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை தொடரும். ஆற்றங்கரையில் எதைக் கட்டினாலும் இந்த விதி பொருந்தும்: மூழ்கினால் கெடாத பொருளில் கட்டு, எடுத்துப்போக வேண்டியதை எடுத்துப்போக வழி வை. கருங்கல் படிகள், கல் மண்டபம், இரும்புக் கம்பியில்லாத கல் இருக்கை எல்லாம் மூழ்கி எழும். மின்பெட்டி, மரப்பலகை நடைபாதை, கண்ணாடித் தடுப்பு, டைல்ஸ் எதுவும் எழாது. விளக்குக் கம்பத்தின் மின்பெட்டியை 2023 வெள்ளக்குறிக்கு மேல் வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

கரையை உறுதிப்படுத்தச் சுவர் ஒன்றே வழி என்பதும் இல்லை. கரையை ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று என்ற சரிவில் சீவி, அடிவிளிம்பில் பெருங்கற்களை அடுக்கி, சரிவில் தென்னை நார்ப் பாய் விரித்து ஆணியடித்து, நீர்மட்டத்தை ஒட்டி நாணலும் அதற்கு மேல் வெட்டிவேரும் நடலாம். வெட்டிவேரைத் தூருக்குத் தூர் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நட வேண்டும். கரை மேட்டில் மருதம், புங்கம், நாவல். தவறாமல் நடக்கும் பிழை, நடுகிற காலம். கோடையில் திறப்பு விழாவுக்காக நட்டால் வேர் பிடிக்காமல் காயும். கார்த்திகையில் நட்டால் முதல் வெள்ளமே கொண்டுபோகும். தை, மாசியில் வெள்ளம் வடிந்த ஈரத்தில் நட்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வைத்தால் அடுத்து வரும் மழைக்குக் கரை தாங்கும். இந்தத் தண்ணீர் ஊற்றும் கூலிதான் பெரும்பாலான மதிப்பீடுகளில் விடுபட்டுப்போகும் செலவு.

துணி துவைக்கும் துறைகளை ஒழித்துவிட்டுப் பூங்கா போடுவதும் சரியல்ல. அது சிலருக்குப் பிழைப்பு, பலருக்கு அன்றாடத் தேவை. சோப்பு நுரையில் உள்ள பாஸ்பேட் ஆற்றில் நீர்ப்பரப்பை மூடும் அமலைச் செடிக்கு உரமாகிறது என்பது உண்மை. அதற்கு, கரைக்கு மேல் துவைகல் மேடை கட்டி, அதன் வடிகாலைச் சாக்கடையில் சேர்த்துவிட்டால் போதும்.

மற்ற ஊர்கள் என்ன செய்தன?

சியோலில் சாலைக்கடியில் மூடிக்கிடந்த சொங்கெச்சான் ஓடையை, மேல்நிலைச் சாலையை இடித்து 2003 முதல் 2005-க்குள் திறந்தார்கள். 5.8 கிலோமீட்டர். நகரத்தின் வெப்பம் குறைந்தது, சுற்றுப்புறத்தில் நிலமதிப்பு ஏறியது. ஆனால் அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து நாள்தோறும் மோட்டார் வைத்து இறைத்து விடுவது. மோட்டாரை நிறுத்தினால் ஓடை இல்லை. மின்கட்டணம் என்றைக்கும் ஓயாது.

அகமதாபாத்தில் சபர்மதியின் இருகரையிலும் 11 கிலோமீட்டருக்கு மேல் சுவர் எழுப்பி, ஆற்றை 263 மீட்டர் சீரான அகலத்துக்குள் கொண்டுவந்து, சுமார் 200 ஹெக்டேர் நிலத்தை மீட்டார்கள். அதில் ஒரு சிறு பங்கை விற்றுச் செலவை ஈட்டுவது திட்டம். சாக்கடையைத் தடுத்துத் திருப்பவும் செய்தார்கள், நர்மதைக் கால்வாயிலிருந்து நீர் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கரையிலிருந்து பெயர்க்கப்பட்டன. நகரத்தின் கீழ்க்கோடியில் இருக்கும் வாஸ்னா தடுப்பணைக்குக் கீழே ஆறு நாட்டின் மிக மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளில் ஒன்றாகவே இருந்துவருகிறது. நிலத்தை விற்று ஆற்றைச் சீரமைக்கும் இந்த வழி தாமிரபரணிக்கு ஒத்துவராது. இங்கே விற்பதற்கு நிலம் வேண்டுமென்றால் வெள்ளத்தின் இடத்தைத்தான் எடுக்க வேண்டும், அது மேலே பார்த்த கணக்கில் நம்மைத்தான் அடிக்கும். நமக்குக் கீழே இருப்பது ஸ்ரீவைகுண்டமும் அதன் குடிநீரும்.

நமக்குப் பக்கமானது சிங்கப்பூரின் பிஷான் பூங்கா. 2.7 கிலோமீட்டர் நேரான சிமென்ட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக 2012-இல் மாற்றினார்கள். மற்ற நாட்களில் 62 ஹெக்டேர் பூங்கா, பெருமழையில் அதுவே வெள்ளம் பரவும் வெளி. ஜெர்மனியின் மியூனிக்கில் ஈசார் ஆற்றையும் 2000 முதல் 2011 வரை 8 கிலோமீட்டருக்கு இப்படித்தான் அகலப்படுத்தினார்கள். சுமார் 3.5 கோடி யூரோ. மற்ற மூன்று நகரங்களைவிட அங்கே அவசரம் குறைவு, 11 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்.

யார் தருவது, யாருக்கு வருவது

ஆற்றுத் திட்டங்களில் கட்டுமானச் செலவு பெரிதாகத் தெரியும், அதை மத்திய, மாநில அரசு மானியம் தந்துவிடும். பராமரிப்பு மாநகராட்சியின் தலையில் விழும். இரண்டையும் ஒப்பிட ஓர் எளிய கருவி உண்டு. வட்டி 8 விழுக்காடு என்று வைத்தால், 30 ஆண்டுக்கு ஆண்டுதோறும் 1 கோடி ரூபாய் செலவழிப்பது, இன்றைக்கு 11.26 கோடியை எடுத்துத் தனியே வைப்பதற்குச் சமம். ஆகவே பராமரிப்பு எண்ணை 11 ஆல் பெருக்கிக் கட்டுமானச் செலவோடு கூட்டினால்தான் திட்டத்தின் நிஜ விலை தெரியும்.

சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் லிட்டருக்குக் கால் யூனிட் மின்சாரம் என்றால், 5 கோடியே 40 லட்சம் லிட்டருக்கு நாளுக்கு 13,500 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் நாளுக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம், ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி. இன்றைய மதிப்பில் 45 கோடி. பயப்பட வேண்டாம், 5 லட்சம் பேருக்கு வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 80 ரூபாய். ஆட்கூலி, பழுது, இரசாயனம், உந்து நிலையங்கள் எல்லாம் சேர்த்து இதைப்போல் நான்கு மடங்கு ஆனாலும் ஆண்டுக்கு 320 ரூபாய். கட்டக்கூடிய தொகைதான். கட்டணத்தை வசூலிக்கத் தயங்கி, மின்பாக்கி சேர்ந்து, இயந்திரத்தைப் பாதி நேரம் நிறுத்தி வைப்பதுதான் பல ஊர்களில் நடப்பது.

வரவு வேறு திசையில் போகிறது. கரை அழகானால் பக்கத்து மனை விலை ஏறும். அந்த ஏற்றம் மனைக்காரருக்கு. விற்கும்போது பத்திரப்பதிவு வருவாயில் பெரும்பங்கு மாநில அரசுக்கு. மாநகராட்சிக்குக் கிடைப்பது சொத்து வரி, அது சந்தை விலையோடு உடனே ஏறாது. செலவு செய்பவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறு ஒருவர். இதைச் சரிசெய்ய உலகெங்கும் உள்ள வழி, மதிப்பேற்றத்தில் ஒரு பங்கைத் திட்டத்துக்கே திரும்பக் கொண்டுவருவது: கரையோரத்தில் கூடுதல் மாடிக்கு அனுமதி கேட்பவரிடம் மேம்பாட்டுக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம், கடை வாடகை. இவை பொதுக் கணக்கில் விழாமல் ஆற்றுக்கென்று ஒரு தனிக் கணக்கில் விழ வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து முதல் உரிமை உந்து நிலைய மின்கட்டணத்துக்கு, மிஞ்சினால் பூந்தொட்டிக்கு என்று தீர்மானத்திலேயே எழுத வேண்டும்.

இன்னொரு பலன் எந்தக் கணக்கிலும் ஏறாதது. கீழூரில் குறையும் குளோரின் செலவு, தப்பிய வாழையும் நெல்லும், வயிற்றுப்போக்கு வராத பிள்ளைகள். நெல்லை விடும் தண்ணீர் சுத்தமானால் லாபம் தூத்துக்குடி மாவட்டத்துக்கு. நெல்லை மாநகராட்சி மட்டும் செலவை ஏற்பது நியாயமில்லை. கீழே தண்ணீர் எடுக்கும் குடிநீர்த் திட்டங்களும் தொழிற்சாலைகளும், தாங்கள் எடுக்கும் ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் சில பைசா இந்த ஆற்றுக் கணக்கில் கட்டுவதுதான் சரியான ஏற்பாடு என்பது எங்கள் கருத்து.

திட்ட அறிக்கை ஒன்று உங்கள் கைக்கு வந்தால் பக்கங்களைப் பின்னிருந்து புரட்டுங்கள். பராமரிப்புச் செலவு எந்த ஆண்டு வரை கணக்கிடப்பட்டிருக்கிறது, அதற்கான வரவுத் தலைப்பு எது என்று முதலில் பாருங்கள். அடுத்து, வீட்டு இணைப்புகளின் எண்ணிக்கை. பிறகு, எந்த ஆண்டு வெள்ளக்குறியை வைத்து மட்டம் எடுத்தார்கள் என்பது. கடைசியாக, ஊருக்கு மேலே ஓரிடம், கொக்கிரகுளம், ஊருக்குக் கீழே ஓரிடம் என மூன்று இடங்களில் விடியற்கால ஆக்சிஜன் அளவை மாதந்தோறும் அளந்து வெளியிட யாருக்குப் பொறுப்பு தரப்பட்டிருக்கிறது என்பது. மேலிடத்து எண்ணுக்கும் கீழிடத்து எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் வேலை நடக்கிறது. குறையவில்லை என்றால், இணைக்காத வீடுகளையும் ஓடாத மோட்டார்களையும் மறுபடி தேடிப் போக வேண்டும்.